செவ்வாய்க்கிழமை வராதீர்கள்

அந்தமான் போய்வந்த உறவினர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களில் எல்லாமே மணி அடித்தாற்போல் நடக்கிறது. காலையில் கண்ணாடிப் படகு, மதியம் பவளப்பாறை, இருட்டினால் சிறைச்சாலையில் ஒலி-ஒளிக் காட்சி. பணம் கட்டிவிட்டால் கடல்கூட நம் சௌகரியத்துக்கு வந்து நிற்கும் போலிருக்கிறது. அதே ஆட்கள், “பெரம்பலூர், அரியலூர் பக்கம் பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்கும்போது எனக்குத் தயக்கம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அவை நம் லீவு தேதியை விசாரித்துக்கொண்டு நடப்பதில்லை, அதுதான் சிக்கல்.

சிறுவாச்சூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது ஊர். அங்கே மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அமாவாசை, பௌர்ணமி போன்ற விசேஷ நாட்கள் தனிக்கணக்கு. மற்ற நாளெல்லாம் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. எங்கெங்கோ குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு இவள் குலதெய்வம். அலுவலகத்தில் ஏதோ சொல்லி லீவு வாங்கி வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறார்கள். வீட்டிலிருந்து மாவு அரைத்துக் கொண்டுவருவதில்லை. இங்கேயே அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்கு போடுகிறார்கள். மிக்ஸி வந்த பிறகு உலக்கைச் சத்தத்தை மறந்தவர்கள் இதைக் கேட்பதற்காகவே ஒருமுறை வரலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எந்த நாளும் போகலாம். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற கோயில், பேருந்து பேருந்தாக ஆள் வருகிறது. ஆனால் ஐப்பசி பௌர்ணமியன்று போனவர்கள் பார்ப்பது வேறு. ஏறத்தாழ 13 அடி உயர லிங்கத்தை மூட்டை மூட்டையாக அரிசி வடித்து மூடுகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைக் கூடைகளில் தூக்கிக்கொண்டு வரிசையாக ஓடுகிறார்கள். பிறகு அந்தச் சோறே பிரசாதம். இந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் படை அனுப்பினான். வென்ற இடங்களாக அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் பட்டியலில் மாநக்கவாரமும் உண்டு. அதாவது நிக்கோபார். உறவினர்கள் விமானம் ஏறிப் போகும் தீவுக்கூட்டத்தின் தென்கோடி, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஆயிரம் வருஷம் முன்பே பழக்கம்.

கரைவெட்டிக்கு மார்கழி, தை சரியான காலம். சுமார் 450 ஹெக்டேர் ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஜனவரியில் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டைத்தலை வாத்துகள்தான் இங்கே முக்கிய விருந்தாளி. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு அலகு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரத்தில் இவை பறந்ததைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வருகிற பறவைக்கு இங்கே தண்ணீர் இருக்குமா என்பதை மேட்டூர் அணையும் புள்ளம்பாடி வாய்க்காலும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மழை ஏமாற்றிய வருஷம் தொலைநோக்கியோடு வருகிறவர் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். விடியற்காலையில் வந்துவிடுங்கள். தயவுசெய்து ஸ்பீக்கர் கொண்டுவராதீர்கள்.

நாள் கிழமை பார்க்காத ஒன்றும் உண்டு: சாத்தனூர்க் கல்மரம். சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஓடையோரம் படுத்துக்கிடக்கிறது. 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் விழுந்து வண்டலுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா ஊறி, மரம் இருந்த இடத்தில் கல் நின்றுவிட்டது. அந்தக் கடலின் சிப்பியும் கிளிஞ்சலும்தான் அரியலூரின் சுண்ணாம்புக்கல். அதை வெட்டித்தான் சிமென்ட் லாரிகள் ஓடுகின்றன. உங்கள் வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் இருக்கலாம்.

மரம் காத்திருந்தது, கல்லமேட்டு எலும்புகள் காத்திருக்கவில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள், உலகிலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அளந்து சரிபார்க்க வழியில்லை. எலும்புகள் ஈரத்தில் உதிர்ந்து பொடியாகிவிட்டன. 2022இல் பழைய புகைப்படங்கள் சில வெளியாயின. ஆய்வாளர்கள் இப்போது அவற்றை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.