காத்து அடிக்காதீங்கண்ணே!

போன சனிக்கிழமை என்னோட பழைய காருக்குப் பின் பிரேக் ஷூ மாத்தப் போயிருந்தேன். வழக்கமான மெக்கானிக் ஷெட்தான். டிரம்மைக் கழட்டினதும் உள்ளே கரி மாதிரி தூசி. அங்கே வேலை பார்க்கிற பையன் ஏர் கன்னை எடுத்து 'புஸ்ஸ்'னு ஒரு அடி அடிச்சான். கொஞ்ச நேரத்துக்கு அவன் முகமே தெரியலை. நான் என்ன பண்ணேன்? சட்டை அழுக்காயிடப் போகுதேன்னு நாலடி தள்ளி நின்னேன். அவ்ளோதான். வீட்டுக்கு வந்து யோசிச்சா வெட்கமா இருந்தது.

ஏன்னா அந்தத் தூசி சும்மா தூசி இல்லை. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் ரெண்டிலும் சூடு தாங்கறதுக்காக ரொம்ப காலம் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தாங்க. பிரிட்டன் 1999-லயும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-லயும் தடை பண்ணிட்டாங்க. அமெரிக்கா கூட 2024-லதான் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்து விதி கொண்டு வந்தது. நம்ம ஊர்ல இன்னும் முழுத் தடை இல்லை. கழட்டின ஷூவில் அது இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வேலை பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

புதன்கிழமை ஹேண்ட் பிரேக்கை டைட் பண்ணப் போனப்போ மெக்கானிக் அண்ணன்கிட்ட மெதுவா சொன்னேன். சிரிச்சார். "பதினஞ்சு வருஷமா இப்படித்தான் தம்பி பண்றேன், ஒண்ணும் ஆகலையே!"

டெஸ்டிங்ல வரலைங்கறதால பக்கே இல்லைன்னு சொல்ற மாதிரிதான் இது. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குள்ள போனா, புற்றுநோயா வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம் கூட ஆகும். பதினஞ்சு வருஷம் எதையும் நிரூபிக்காது. மூக்குல கர்ச்சீப் கட்டினாலும் அந்த இழை நிக்காது. போதாக்குறைக்கு, அதே சட்டையோட வீட்டுக்குப் போனா தூசி குழந்தைகிட்டயும் போகும்.

வழி பெருசா ஒண்ணும் இல்லைங்க. காத்து அடிக்கக் கூடாது, காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டக் கூடாது. தண்ணி அடிக்கணும் (ஹலோ, சோப்புத் தண்ணி! :-)). நல்லா நனைச்சு, ஈரத் துணியால துடைச்சு, அந்தத் துணியைக் காயறதுக்கு முன்னாடி கவர்ல போட்டுக் கட்டிடணும்.

அண்ணன் சொன்ன அடுத்த பதில்தான் என்னை யோசிக்க வச்சது. "செய்யலாம் தம்பி. ஆனா ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும். 'இன்னும் முடியலையா'ன்னு கேக்கறதே உங்கள மாதிரி ஆளுங்கதான்."

உண்மைதானே? சனிக்கிழமை மட்டும் நான் மூணு தடவை கேட்டேன்!

மெக்கானிக்குங்களுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா அவசரப்படுத்தறது நாம, நூறு ரூபாய்க்குப் பேரம் பேசறதும் நாம. என்னைக் கேட்டா, அந்தப் பத்து நிமிஷத்துக்கான கூலியைக் கொடுக்க வேண்டியதும் நாமதான். அடுத்த தடவை பிரேக் வேலைக்கு வண்டியை விடும்போது, "காத்து அடிக்காதீங்கண்ணே, நனைச்சுத் துடைங்க, எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்லை"ன்னு முதல்லயே சொல்லிடுங்க.

நான் சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க?