அரிவாளும் ஆஸ்பத்திரிப் பதிவேடும்

நெல்லை என்றதும் அல்வாவுக்கு அடுத்தபடி அரிவாளைச் சொல்லிச் சிரிக்கும் வழக்கம் சினிமாவால் மட்டும் வந்ததன்று. மண்ணின் வீரம், மானம் என்று எழுதிக் குவித்த நம் இலக்கியவாதிகளுக்கும் அதில் பங்குண்டு. அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள நாம் மறுக்கிறோம்.

கைத்துப்பாக்கி என்றால் தாமிரபரணிக் கரையில் நினைவுக்கு வருவது 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதுதான். இங்கே உயிர் குடிப்பது வீச்சரிவாள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்குமென்றே செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாழைத்தார் வெட்டுகிறவருக்கு அந்த விலக்கு நியாயமே. ஆனால் தார் வெட்டப் போகிற யாரும் அரிவாளை முதுகுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவதில்லை.

2021 செப்டம்பரில் தொடர்கொலைகளுக்குப் பின், அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பட்டறைக்காரர்கள் எழுதி வைக்க வேண்டும் என்றது காவல்துறை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து சக மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புச் சிறுவனின் பைக்குள் அரிவாள் இருந்தது. அந்தக் கைகளுக்கு அது எந்த வழியாக வந்தது?

சாதியிருக்க அரிவாளைக் குறை சொல்வானேன் என்பார்கள். நாங்குநேரிக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சாதியைப் பற்றிச் சொன்னதில் ஒரு வரியையும் நாம் குறைக்கச் சொல்லவில்லை. பகையை மூட்டுவது சாதிதான். அந்தப் பகை கைகலப்போடு நிற்குமா, பிணத்தில் முடியுமா என்பதைக் கைக்கெட்டுகிற பொருளும் தீர்மானிக்கிறது.

இதைத்தான் அமெரிக்க மருத்துவர்கள் துப்பாக்கி விஷயத்தில் ஆராய்ந்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பது பாதுகாப்பைக் கூட்டவில்லை, அவ்வீட்டில் கொலை நேரும் அபாயத்தோடுதான் சேர்ந்து வருகிறது என்று ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993இல் எழுதினர். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தெழ, 1996இல் டிக்கி திருத்தம் வந்தது. ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலரும் வெட்டப்பட்டது. மீண்டும் நிதி ஒதுக்க 2019 டிசம்பர் ஆயிற்று. அந்த டிக்கியே 2012இல் இத்தகைய ஆய்வு வேண்டும் என்று எழுதினார்.

ஆய்வை முடக்க அங்கே ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. இங்கே நம் அலட்சியமே போதும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் வெட்டுக்காயம் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. பிறகு காயச் சான்றிதழாகி நீதிமன்றம் போகிறது. வழக்குக்கு ஒரு தாள். அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் எந்த ஊர், எந்த வேளை, என்ன வயது, கோயில் கொடை நாளா, பள்ளிக்கூட வாசலா என்பது தெரியும். கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்டு என்ற அறுவை மருத்துவர் செய்தது இவ்வளவே. தம்மிடம் வந்த காயங்களில் பெரும்பகுதி காவல்துறை ஏட்டில் இல்லை என்று கண்டார். பெயரை நீக்கி, இடம், நேரம், ஆயுதம் மட்டும் பகிரச் செய்தார். ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களைவிட அங்கே ஆஸ்பத்திரியில் சேரும் காயங்கள் குறைந்தன.

பெயர் நீக்கிய அத்தகைய கணக்கை மூன்று மாதத்துக்கொருமுறை வெளியிடுமாறு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுகிறோம். கையெழுத்திட விரும்பும் வாசகர்கள் ஊர்ப் பெயரோடு தெரிவியுங்கள்.