எளிய பாடம் எது?



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் ஆண்டுதோறும் நம் ஊர்களில் ஒரு கேள்வி எழுகிறது. "பி.எஸ்ஸி.யில் எது சுலபம்? இயற்பியலா, வேதியியலா?" என்பதே அக்கேள்வி. பௌதிகம், ரசாயனம் என்ற பழைய பெயர்கள் மறைந்துவிட்டன. கேள்வி மட்டும் மறையவில்லை.

படித்தவர்கள் நிறைந்த வீட்டில் இது வெறும் பொழுதுபோக்கு விவாதம். அண்ணன் பொறியாளராகவும் அத்தை ஆசிரியையாகவும் இருந்துவிட்டால், விடை வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னைப் போன்றோருக்கோ நிலை வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை முதலில் எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. பேருந்தில் வரும் சீனியர் மாணவி சொல்வதே வேதவாக்கு. அவர் தவறாகச் சொல்லி, அரியர் மேல் அரியர் விழுந்தால், கூடுதலாக ஓராண்டு படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. தங்கையின் படிப்பு வேறு காத்திருக்கிறது. ஆகவே இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க என்னால் இயலவில்லை.

நான் வேதியியலை முதன்மைப் பாடமாகவும் இயற்பியலைத் துணைப் பாடமாகவும் பயில்பவள். இரண்டு ஆய்வகங்களிலும் நின்ற அனுபவத்தைக் கொண்டே எழுதுகிறேன்.

பொதுவாக நமக்குச் சொல்லப்படும் விடை இதுதான்: "மனப்பாடம் வருமானால் வேதியியல், கணக்கு வருமானால் இயற்பியல்." இதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பித்தான் பலர் இடறுகிறார்கள்.

வேதியியல் மனப்பாடமா? இன்று அறியப்பட்டுள்ள தனிமங்கள் 118. அவற்றின் பண்புகளையெல்லாம் உருப்போட எவராலும் ஆகாது. 1869-இல் மெண்டலீவ் வெளியிட்ட தனிம வரிசை அட்டவணை அந்தச் சுமையைக் குறைக்கவே உதவுகிறது. சோடியத்தை நன்கு அறிந்தவர் பொட்டாசியத்தின் குணத்தை ஊகித்துவிடலாம். அன்று அறியப்படாத தனிமங்களுக்கு அவர் இடம் விட்டுவைத்தார். 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் கண்டறியப்பட்டு அந்த இடங்களில் வந்து அமர்ந்தன. மனப்பாடத்தால் ஆகிற காரியமா இது?

கணக்குக்கு அஞ்சி வேதியியலுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி: பி.எச். அளவு என்பது மடக்கைக் கணக்கு. வினைவேகம் என்பது வகையீடும் தொகையீடும். வெப்ப இயக்கவியல் தொடங்கியதும், எதைக் கண்டு ஓடி வந்தோமோ அதுவே கரும்பலகை முழுவதும் நிற்கக் காணலாம்.

இயற்பியல் வெறும் கணக்கும் அன்று. சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காண்பவரெல்லாம் இயற்பியல் அறிந்தவர் ஆகார். நிறமாலைமானியின் முன் அமர்ந்து, முப்பட்டகத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, ஒளிக்கோடு நின்று திரும்பும் அந்த ஒரு கணத்தைக் கண்ணால் பிடித்தவர்களுக்குத் தெரியும், அங்கே கணக்கைவிடக் கையும் பொறுமையும் எவ்வளவு தேவை என்பது.

அப்படியானால் இரு பாடங்களுக்கும் இடையே உள்ள சுவர் எவ்வளவு உயரம்? அதை அறிய வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு ஒரு கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

இந்த நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. என் தந்தை சுரங்கத்தில் அந்த நீரை இறைக்கும் பகுதியில் வேலை பார்ப்பவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். "மேலே பாரம் குறைஞ்சா கீழே தண்ணி முட்டும். மோட்டாரை நிறுத்தினா தரையே பொத்துக்கும்" என்பார். நாம் பாய்ம அழுத்தம் என்ற தலைப்பில் பல பக்கம் படிப்பதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார். இது இயற்பியல்.

வெட்டியெடுத்த நிலக்கரி எரிவது வேதியியல். கார்பனும் ஆக்ஸிஜனும் கூடுகின்றன. ஆனால் நம் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோ நிலக்கரி தரும் வெப்பம் ஏறத்தாழ 2,600 கிலோகலோரி என்று கொள்வோம். அதிலுள்ள அரைக் கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 35 கிலோகலோரியும், ஆவியாக்க 270 கிலோகலோரியும் வேண்டும். கிடைக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளவே போய்விடுகிறது! இந்தக் கணக்கு எந்தத் துறைக்கு உரியது? எரிதல் வேதியியல் வகுப்பில் வருகிறது. உள்ளுறை வெப்பம் இயற்பியல் வகுப்பில் வருகிறது. கொதிகலனோ இரண்டையும் ஒரே அடுப்பில் நடத்துகிறது. பாடவேளை அட்டவணையில் உள்ள கோடு அதற்குத் தெரியாது.

அறிஞர் பெருமக்களும் அந்தக் கோட்டை மதித்ததில்லை. மேரி கியூரி அம்மையார் 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். இயற்பியலறிஞர் ரூதர்போர்டுக்கு 1908-இல் கிடைத்தது வேதியியல் பரிசு. நமக்குப் பக்கத்திலுள்ள சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றது இயற்பியலில். பின்னர் உயிரியல் பயின்று, ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து, 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதோ வேதியியலில்! முதலில் எழுதிய பாடத்தின் பெயர் அவரைக் கட்டிப்போடவில்லை.

"இதெல்லாம் சரி, எது சுலபம் என்று சொல்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நழுவாமல் சொல்கிறேன். நுழைவதற்கு எளியது வேதியியல். நிலைப்பதற்கு எளியது இயற்பியல்.

வேதியியலில் முதல் நாளிலிருந்தே கைக்கு வேலை உண்டு. உப்பைக் கரைத்தால் வீழ்படிவு வரும்; பியூரெட்டைத் திறந்தால் நிறம் மாறும். கண்ணுக்குத் தெரிவதால் தைரியம் பிறக்கிறது. ஆனால் பருவத்துக்குப் பருவம் சுமை கூடும். விதிகள் சில, விலக்குகள் பல. இயற்பியலோ வாசலிலேயே கணிதம் என்னும் சுங்கத்தைக் கேட்கிறது. அதைச் செலுத்தியவருக்கு அப்புறம் பாதை அவ்வளவு கடினமில்லை. சில விதிகளே திரும்பத் திரும்ப வந்து கைகொடுக்கின்றன. எனவே புதிதாக வருவோர் "எது சுலபம்?" என்பதற்குப் பதில், "எந்த உழைப்பு எனக்கு நாள்தோறும் சலிக்காது?" என்று கேட்டுக்கொள்வதே நன்று. நாள்தோறும் நுணுக்கங்களைச் சேர்த்து வைக்கும் பொறுமையா, ஒரே கணக்கோடு ஒரு மாலை முழுதும் மல்லாடும் பிடிவாதமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் பயின்று வந்த பலருக்குக் கடினமாக இருப்பது பாடமே அன்று. கணித அடிப்படையும் ஆங்கில நூலும்தான். வினைவேகம் தெரிந்த மாணவி அதன் ஆங்கிலப் பெயரைக் கண்டு மிரண்டு, "கெமிஸ்ட்ரி எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறாள். 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பட்டப்படிப்புக்கான அறிவியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டது. அத்தகைய நூல்களை ஆங்கில நூலின் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதி அச்சம் அகலும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டின் முதல் மாதத்தில் இரு துறை மாணவர்களையும் ஒன்றாக அமர்த்தி, மடக்கையும் வகையீடும் தொகையீடும் தமிழிலேயே கற்பித்து, கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் போடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் மாலையில் உடனிருந்து உதவக் காத்திருக்கிறோம். வரும் ஜூன் மாதம் பேருந்தில் ஒரு தம்பியோ தங்கையோ "எது சுலபம்?" என்று கேட்டால், ஒரு சொல்லில் விடை சொல்லி அனுப்பிவிடாமல், நம் இரு ஆய்வகங்களுக்கும் அழைத்துச் சென்று காட்டுவோம். பிறகு அவர்களே தேர்ந்துகொள்ளட்டும்.

— இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் துறை