தானாகப் பெருகுமாம்... அப்புறம் டோஸ் எதற்கு?

ஃபேஜ் சிகிச்சை என்று பேச்சு எடுத்தாலே ஒரு வசனம் தவறாமல் வரும்: "கொஞ்சம் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பெருகிப் பார்த்துக்கொள்ளும்." சுத்த ஏமாற்று!

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ். பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, நகல் எடுத்து, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். சோதனைக் குழாயில் இது அமர்க்களமாக நடக்கும். நம் உடம்பு சோதனைக் குழாய் இல்லையே!

ரத்தத்தில் ஏற்றிய ஃபேஜைக் கல்லீரலும் மண்ணீரலும் சும்மா விடுமா? வேகமாக வடிகட்டித் தள்ளும். நாளானால் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் உருவாகலாம். தப்பித்தது பெருக வேண்டுமானால், நோய் இருக்கும் இடத்தில் அதற்கேற்ற பாக்டீரியா நெருக்கமாக இருக்க வேண்டும். கூட்டம் குறைந்தால் இரையைச் சந்திக்கும் முன்பே ஃபேஜ் காலி.

கதை விடவில்லை. டாக்காவில் வயிற்றுப்போக்கு வந்த 120 ஆண் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. 2016-ல் முடிவு வெளியானது. வாய்வழி கொடுத்த ஃபேஜ் குடலைக் கடந்து வந்தது, ஆனால் அங்கே பெருகவில்லை. அது தாக்க வேண்டிய ஈ.கோலை குடலில் குறைவாகவே இருந்தது. நோயும் சீக்கிரம் தீரவில்லை.

அடுத்து, 2015 முதல் 2017 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஃபேஜோபர்ன். தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றியவர்களுக்கு மில்லி லிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் கொடுப்பதாகத் திட்டம். தயாரித்து வைத்த மருந்து வீரியம் இழந்ததால், போய்ச் சேர்ந்தது 100 அளவுக்குத்தான். வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பே வேகமாக வேலை செய்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். தானாகப் பெருகுவது உண்மையானால் அந்த நூறே பத்து லட்சம் ஆகியிருக்க வேண்டாமா?

"அப்போ ஃபேஜே வேஸ்ட்" என்று துள்ளுகிறவர்களும் நில்லுங்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் 2016-ல் டாம் பேட்டர்சன் பிழைத்தது ஃபேஜின் துணையால்தான். எப்படி? ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கைகட்டி உட்காரவில்லை. கோடிக்கணக்கான ஃபேஜ்களைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றதும் வேறு ஃபேஜைத் தேடிச் சேர்த்தார்கள். கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள்.

ஆன்டிபயாடிக் கைவிட்ட நோயாளிக்கு இது கடைசி நம்பிக்கை. அவரிடம் போய் "தானாகப் பெருகும்" என்று விற்காதீர்கள். கொடுக்கும் நேரத்தில் புட்டியில் உயிரோடு எத்தனை ஃபேஜ்? புண்வரை போனது எத்தனை? பாக்டீரியா மாறிவிட்டதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஃபேஜ் செய்தி எதையும் நான் நம்பப் போவதில்லை. நீங்கள் எப்படி?