சான்றிதழுக்குச் சட்டம் போட்டாயிற்று, சம்பளம் யார் போடுவது?

மலையக இளைஞர்களுக்கு அறிவுரை கூறுவதில் இந்த நாட்டில் எவரும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. "தோட்டத்தையே நம்பியிராதே, கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்" என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் சொல்கிறார்கள். தொண்டு நிறுவனங்கள் சுவரொட்டி அடித்துச் சொல்கின்றன. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், கற்றார்கள். இலத்திரனியல் உபகரணம் திருத்துவதற்கும் கைப்பேசி பழுதுபார்ப்பதற்கும் சான்றிதழ் பெற்று, அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டு லயத்துச் சுவரில் மாட்டினார்கள். அந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் மட்டும், அறிவுரை கூறியவர்கள் வாய் திறப்பதில்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையின் வழியாகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. 25 நாள் முழுப்பேர் விழுந்தால் மாதம் 33,750 ரூபாய். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அதை 1,550 ஆக்குவதென்றும், அதற்கு மேல் அரசாங்கம் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தருவதென்றும் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 25 நாளுக்கு 43,750 ரூபாய். இனி மறுபக்கம். தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய்; 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்த அடிமட்டக் கோடு, தொழில் கற்றவரையும் கல்லாதவரையும் வேறுபடுத்துவதில்லை. மின்சுற்றைப் படிக்கத் தெரிந்த இளைஞனுக்கு 30,000 ரூபாய் கொடுக்கும் கடைக்காரர் இந்தச் சட்டத்தை மீறியவராகமாட்டார்.

அதாவது, கொழுந்து பறிக்கும் தாய்க்கு முழு மாதமும் வேலை கிடைத்தால், தொழில் கற்ற மகன் சட்டப்படி வாங்கக்கூடிய தொடக்கச் சம்பளம் தாயின் சம்பளத்திலும் குறைவு! அவனோ கொழும்பில் தங்குமிட வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பேருந்துக் கட்டணமும் போக மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியவன்.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் அதிகம் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கத்தை அறிந்தவர்கள், 25 நாள் முழுப்பேர் என்பது பலருக்கு எட்டாத கணக்கு என்பதையும் அறிவார்கள். அந்தச் சம்பளமே வாழப் போதாது. அதற்கும் கீழே ஒரு தொழில்நுட்பவியலாளனின் தொடக்கச் சம்பளத்தை வைக்க இடம் விட்டிருப்பதைத்தான் வெட்கக்கேடு என்கிறேன்.

கடைகளில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. புதிதாக வருபவன் 'பயிலுநர்'. ஆறு மாதம், ஒரு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல் பயிலுநர். எழுத்தில் நியமனக் கடிதம் இராது. கடிதம் இல்லையென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதமும் இராது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் இராது. காலையில் கடையைக் கூட்டுவதும், தேநீர் வாங்கி வருவதும், வாடிக்கையாளரின் வீட்டுக்குப் பெட்டி சுமப்பதும் பயிற்சியின் பகுதிகளாம். சாலிடரிங் அயன் கைக்கு வரும்போது அவனுக்கு மத்திய கிழக்குக்குப் போகும் யோசனையும் வந்துவிடுகிறது.

"சான்றிதழோடு வருபவர்களுக்கு வேலை தெரியவில்லையே" என்கிறார்கள் முதலாளிகள். இதில் உண்மை இருப்பதை மறுக்கமாட்டேன். பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் திறந்து, எரிந்துபோன பாகத்தைக் கழற்றி, புதியதை ஒட்டிய காலம் போய்விட்டது. இன்றைய பலகைகளில் பாகங்கள் கடுகளவு. சூடான காற்றால் அவற்றைக் கழற்றிப் பூட்டவும், அலைகாட்டியில் சமிக்ஞையைப் பார்த்துப் பழுதின் இடத்தைப் பிடிக்கவும், கட்டுப்பாட்டுக் கருவியின் நிரலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சில மாதப் பாடநெறியில் இது வராது. ஆனால் மேலே படிக்க வழியைக் காட்டாமல், "மேலே ஏன் வரவில்லை?" என்று கேட்பது நியாயமா?

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைக்கு ஏழு நிலைகள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். காகிதத்தில் அழகான ஏணி. மலையகப் பிள்ளைக்கு முதல் சில படிகள் ஊருக்கு அருகில் கிடைக்கின்றன. சம்பளத்தை மாற்றக்கூடிய ஐந்தாம், ஆறாம் படிகளைத் தேடித்தான் அவன் வெளியூர் போகவேண்டியிருக்கிறது. அங்கே போதனா மொழியும் தடையாகிறது. தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. ஜேர்மன் உதவியுடன் 2016இல் திறக்கப்பட்ட உயர்தரப் பயிற்சி நிறுவனம் கிளிநொச்சியில் இருக்கிறது. வடக்குக்கு அது கிடைத்ததில் மகிழ்ச்சியே. அதுபோல ஒன்று ஹட்டனுக்கு ஏன் வரவில்லை என்று நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஹட்டனில் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரில் இயங்கிய தொழிற்பயிற்சி நிலையத்தின் பெயரை மாற்றலாமா, கூடாதா என்று மோதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எந்தக் கருவி இருக்கிறது, எந்த நிலை வரை கற்பிக்கப்படுகிறது, கற்றவன் எங்கே போனான் என்பதற்காக அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட எவரும் காட்டவில்லை.

மலையகத்தில் இத்தொழிலுக்கு வேலையே இல்லை என்பதும் பொய். தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். கொழுந்தை வாட்டும் விசிறிகளின் வேகத்தை இலத்திரனியல் கருவி ஆள்கிறது. நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் கமரா தூளுக்கிடையே தண்டையும் நாரையும் கண்டுபிடிக்க, காற்றுத் தாரை அவற்றைத் தள்ளிவிடுகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. தேயிலைத் தூசும் மலைநாட்டு ஈரமும் புகுந்தால் இந்தப் பலகைகள் கெடும். அவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவனாக இருக்கக்கூடாதா? 1992இல் தோட்டங்களின் முகாமையைப் பொறுப்பேற்ற கம்பனிகள், தங்கள் தொழிற்சாலைகளில் தகைமைக்கேற்ற தொழில்நுட்பப் பதவிகளை உருவாக்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தால் நட்டப்பட்டுவிடுமா?

மலையகம் மின்சாரத்துக்குப் புதியதுமல்ல. பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு 1950இல் லக்சபானவில் மின்சாரமாகியது. காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் தோட்டங்களுக்கு நடுவே தேங்கி நிற்கின்றன. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட்டுடன் தொடங்கியது. நாட்டுக்கே வெளிச்சம் அனுப்பும் மலைகளில் பிறந்தவனுக்கு, மின்சாரத்தைப் பற்றிக் கற்றதற்கு உரிய விலை கிடைக்கவில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்சம்பளத்துக்காகப் போராடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தோட்டத்தை விட்டு நகரத்துக் கடைக்குப் போன பிள்ளை சந்தா கட்டுவதில்லை என்பதற்காக அவன் உங்கள் பிள்ளை இல்லாமற் போய்விடுவானா?

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, தகைமை நிலைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம்: நான்காம் நிலைக்கு ஒன்று, ஐந்துக்கு அதற்கு மேல் ஒன்று, ஆறுக்கு இன்னும் மேல். இரண்டாவது, பயிலுநர் காலத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம், அதற்கொரு முடிவுத் தேதி, முதல் மாதத்திலிருந்தே சேமலாப நிதி. மூன்றாவது, ஐந்தாம், ஆறாம் நிலை இலத்திரனியல் பாடநெறி, தமிழில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ.

1823இல் இம்மக்களின் வருகை தொடங்கியதென்று வைத்து, 2023இல் இருநூறு ஆண்டு நிறைவுக்கு மேடை போட்டோம், மாலை போட்டோம். இந்த மூன்றையும் செய்து முடிக்க இன்னுமொரு நூற்றாண்டு தேவையில்லை. அதுவரை, "தொழில் கற்றுக்கொள் தம்பி" என்று எவராவது மேடையில் சொன்னால், "எவ்வளவு சம்பளம் ஐயா?" என்று அந்தத் தம்பி எழுந்து நின்று கேட்கட்டும்.