ஓடு எண்ணும்போது ஒரு கை கூட இருக்கட்டும்

"போதுமுங்களா, ஆசாரி?"

"எல்லாம் சரியா வருமுங்க."

எருமப்பட்டிப் பக்கம் ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றும்போது இந்தப் பேச்சு நடக்காமல் இருக்காது. பழைய ஓடு இறக்கியாகிவிட்டது. நெல் மூட்டையும் டிவியும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. பாட்டியின் கட்டில் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. கொல்லிமலை மேல் மேகம் ஏறுகிறது. ஒரு பக்கச் சாய்வு முடிந்து, மறுபக்கம் பாதியில் நிற்கும்போது ஓடு தீர்ந்துபோனால் என்ன ஆகும்? நூறு ஓட்டுக்காக இன்னொரு வண்டி வைக்க வேண்டும். பல நேரங்களில் ஓட்டின் விலையைவிட வண்டி வாடகை அதிகமாகிவிடும். அதைவிடப் பெரிய தலைவலி, அதே அச்சு ஓடு மறுபடி கிடைக்குமா என்பது.

கணக்கு பெரும்பாலும் தவறுவது முதல் அடியிலேயே. 30 அடி நீளம், 20 அடி அகலம், ஆக 600 சதுர அடி என்று வீட்டின் தரையை வைத்து ஓடு சொல்லிவிடுகிறார்கள். தரை படுத்திருக்கிறது, கூரை சாய்ந்திருக்கிறது. சுவரைத் தாண்டி வெளியேயும் நீள்கிறது. நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கம் சரியும் சாதாரணக் கூரையில், ஒரு பக்கத்துக்கு 10 அடி, வெளியே இறங்கும் தாழ்வாரம் 2 அடி, ஆக 12 அடி. ஓர் அடிக்கு 7 அங்குலம் உயரும் சாய்வு என்றால், அந்த 12 அடி கூரைமேல் கிட்டத்தட்ட 14 அடியாகிவிடும். நீளத்தில் இரு முனைகளிலும் ஓரடி வெளியே விட்டால் 32 அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 890 சதுர அடி வருகிறது. 600 எங்கே, 890 எங்கே!

மங்களூர் ஓடு ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, சுமார் 140 பிடிக்கும். தரைக்கணக்குப் போட்டவர் 840 ஓடு வாங்குவார். கூரைக்கணக்குப் போட்டவர் 1,250 வாங்குவார். இரண்டாமவருக்கும் போதாது என்பதுதான் வேடிக்கை.

ஏனென்றால் ஓடு சதுர அடியில் உட்காராது, வரிசையில்தான் உட்காரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக ஓர் ஓடு மேலிருந்து கீழாக மூடும் இடம் ஏறக்குறைய பன்னிரண்டரை அங்குலம். பக்கவாட்டில் எட்டேகால் அங்குலம். மேலே சொன்ன கூரையில் கீழிருந்து மேலே 13 வரிசை போக, மீதம் சில அங்குலம் நிற்கும். அதற்கும் ஒரு முழு வரிசை வேண்டும். அப்படியே நீளத்துக்கு 46 ஓடு போக அரை ஓடு இடம் நிற்கும், அதற்கும் ஒன்று. ஆக 14 வரிசை, வரிசைக்கு 47, இரண்டு பக்கம்: 1,316 ஓடு. இது உடைசல் எதுவும் சேராத கணக்கு.

கெட்டிக்கார ஆசாரி இங்கே ஒரு வேலை செய்வார். ரீப்பர் அடிப்பதற்கு முன்பே பத்து ஓடு கொண்டுவரச் சொல்லி, தரையில் அடுக்கி அளந்து பார்ப்பார். ஓட்டுக்கு ஓடு, சூளைக்குச் சூளை அளவு கொஞ்சம் மாறும். தாழ்வாரத்தை மூன்று அங்குலம் கூட்டியோ குறைத்தோ முழு வரிசையில் நிறுத்திவிட்டால், வெட்டு விழாது. ரீப்பரை அடித்துவிட்டு ஓடு தேடுகிறவர்கள் பாவம்.

இனி உடைசல். லாரியில் வரும்போது சில போகும். இறக்கும்போது அதைவிட அதிகம் போகும். கைக்குக் கை மாற்றி இறக்காமல் வீசிப் பிடித்தால் சொல்லவே வேண்டாம். ஓட்டைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவைத்து அடுக்க வேண்டும். விரலால் தட்டினால் கணீரென்று கேட்காதது விரிசல் விட்டதாக இருக்கலாம். அதைக் கூரைக்கு ஏற்றக் கூடாது. இரண்டு பக்கச் சாய்வுக்கு நூற்றுக்கு 5 கூடுதல் போதும். நான்கு பக்கமும் சரியும் கூரை என்றாலோ, இரண்டு சாய்வுகள் உள்மூலையில் சேர்கிறது என்றாலோ, அந்தக் கோடு நெடுகிலும் ஓட்டைக் குறுக்காக வெட்ட வேண்டும். வெட்டிய மறுபாதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அப்போது நூற்றுக்கு 10 வைப்பதே பாதுகாப்பு. நமது வீட்டுக்கு 1,316-உடன் 66 சேர்த்து, 1,400 என்று முழுசாகச் சொல்லிவிடலாம். முகட்டு ஓடு தனி. அடிக்கு ஒன்று வீதம் 32, மேற்கொண்டு மூன்று. வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு இரண்டு போட்டால், மூன்றாக வாங்குங்கள்.

அமெரிக்காவில் கூரைக்குத் தார் பூசிய ஷிங்கிள்ஸ் என்னும் பட்டைகளை அடிக்கிறார்கள். அங்கேயும் 100 சதுர அடிக்குப் பெயர் 'ஸ்கொயர்'தான், நம் கொத்தனார் சொல்லும் சதுரமேதான். மூலைகள் உள்ள கூரைக்கு நூற்றுக்குப் பத்து கூட்டிச் சொல்லும் பழக்கம் அங்கும் உண்டு. ஆனால் பட்டையை ஆணி அடித்து ஒட்டிவிடுவார்கள். நம் ஓட்டுக்கு இருக்கும் வசதி, உடைந்த ஒன்றை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

அந்த வசதிக்குத்தான் அச்சு ஒன்றாக இருக்க வேண்டும். பாசல் மிஷன் 1865-ல் மங்களூர் அருகே ஜெப்புவில் தொழிற்சாலை வைத்து இந்த வகை ஓட்டைச் செய்யத் தொடங்கியது. பிறகு கர்நாடகக் கரையிலும் கேரளத்திலும் பல சூளைகள் எழுந்தன. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பள்ளமும் மேடும் ஒன்றில் ஒன்று உட்காரும் இடத்தில் நூலளவு மாறும். அந்த நூலளவு வழியாகத்தான் ஐப்பசி மழை உள்ளே வரும். பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனிப் பெயர் புடைத்திருக்கும். ஒன்றிரண்டு மாற்றுவதற்கு அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

பழைய ஓட்டையே மறுபடி போடுகிறவர்கள் இறக்கும்போதே பிரித்து எண்ணிவிட வேண்டும். பாசி பிடித்தது கெட்டதல்ல, தேய்த்துக் கழுவினால் போகும். காது உடைந்தது, மூலை பொரிந்தது ஆகாது. அவற்றை ஆட்டுக்கொட்டகைக்கு ஒதுக்கிவிடலாம். எண்ணாமல் "எல்லாம் நல்ல ஓடுதான்" என்று ஏற்றிவிட்டு, கடைசி மூன்று வரிசைக்கு ஊரெல்லாம் அலைந்த வீடுகள் உண்டு.

அதற்காக முந்நூறு, நானூறு என்று அள்ளி வாங்கவும் தேவையில்லை. ஓர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல். மிச்சத்தைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் வரமாட்டார். வேலை முடிந்து ஐம்பது, அறுபது நின்றால் சரியான கணக்கு. மாட்டுக்கொட்டகைச் சுவரோரம், தரையில் இரண்டு சட்டம் போட்டு, அதன்மேல் நிறுத்தி வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னும் ஒரு இருபது சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே நாலு ஓடு போய்விடுகிறது.