அந்தக் கண்மாய் சும்மா கிடக்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு நாளாக நம் குழுவில் ஒரே பேச்சு. "கண்மாயில தண்ணியே நிக்கிறதில்ல. நின்னாலும் பாதி ஆவியாத்தான் போகுது. மண்ணடிச்சு பஸ் ஸ்டாண்டு கட்டுனா ஊராவது வளரும்." இதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால் பாடத்திலிருந்தே பேசுகிறேன்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். வெயிலில் தரை சீக்கிரம் கொதிக்கிறது, கடல் கொதிப்பதில்லை. அந்த வித்தியாசம்தான் கடற்காற்றாகி மே மாத மதியத்தில் சென்னையைக் காப்பாற்றுகிறது. வேலூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கும் இல்லை. நமக்கு இருப்பது கண்மாய்தான்.

"ஆவியாகிப் போகிறது" என்று நஷ்டக் கணக்கு எழுதுகிறீர்களே, அதுதான் அதன் வேலை! உள்ளுறை வெப்பம் நினைவிருக்கிறதா? நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி எடுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 580 கிலோ கலோரி. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றுவது சுமார் 3,000 கிலோ கலோரி. (அந்த 'டன்' மெஷினின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருக எடுக்கும் வெப்பம்.) அதாவது ஐந்தேகால் லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு மணி நேர ஏசி.

இனி கண்மாய்க்கு வாருங்கள். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைப்போம். ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். இரவு பகலாக ஓடும் 160 ஏசிக்குச் சமம். ஒரே ஒரு ஏக்கருக்கு! கரண்ட் பில் கிடையாது. ஏசியோ உள்ளே எடுத்த வெப்பத்தோடு தன் மோட்டார் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது.

"புழுக்கம் கூடுமே சார்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடலோர ஊர் என்றால் நானும் யோசிப்பேன். நம்முடையது வறண்ட காற்று. இங்கே ஈரம் கொஞ்சம் கூடினால் பாதகமில்லை.

தண்ணீர் நிற்பதில்லை என்கிறீர்கள். ஏன் நிற்கவில்லை? வரத்துக்கால்வாயை மறித்து வீடு கட்டியது யார்? அதில் நம் சொந்தக்காரர்களும் உண்டு, கோபப்பட்டாலும் பரவாயில்லை. சோற்றை நிறுத்திவிட்டு, "ஆள் மெலிந்துவிட்டான், இனி எதற்கு" என்று கேட்பது என்ன நியாயம்?

தி.நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவான இடம். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று பெயர் மட்டும் இருக்கிறது, லேக் இல்லை. அந்த வளர்ச்சிதான் வேண்டுமா மாப்பிள்ளை?

பஸ் ஸ்டாண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைபாஸ் ஓரமாக மேட்டு நிலம் இருக்கிறது, அங்கே கட்டட்டும். ஆட்சேபனை மனு எழுதி வைத்திருக்கிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். மேலே உள்ள கணக்கில் தப்பு இருந்தால் கமெண்டில் போட்டுக் காட்டுங்கள், மார்க் உண்டு.